முன்னால் போகும் வண்டியும் என் வலது காலும்

முதல் நாள்

புது வண்டி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் ஆறு நாள் பயணம். மொத்தம் சுமார் 1,900 கிலோமீட்டர். இரண்டு நாள் சமவெளி, ஒரு நாள் மலை, மறுபடி சமவெளி, கடைசியில் கடற்கரையோரம் சித்தி வீடு. நானும் அக்காவும் மாறி மாறி ஓட்டுவதாக ஏற்பாடு. பின் இருக்கையில் அம்மா. அம்மாவுக்குக் காரில் போனால் குமட்டும். இந்தப் பயணத்தில் அந்தக் குமட்டல்தான் எனக்குப் பெரிய பாடம் எடுக்கப்போகிறது என்று கிளம்பும்போது தெரியாது.

வண்டியில் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் இருக்கிறது. நாம் செட் செய்த வேகத்தில் வண்டி தானே ஓடும், முன்னால் மெதுவாகப் போகும் வண்டி இருந்தால் இடைவெளி விட்டுத் தானே வேகம் குறைக்கும். "பட்டனை அழுத்திட்டு ஹாயா உட்காருங்க சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அக்கா அதை நம்பவில்லை. வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப்போய், குரூஸ் பற்றிய பக்கங்களைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்துவிட்டு வந்திருந்தாள். "டேய், இதுல பாதிப் பக்கம் 'எச்சரிக்கை'ன்னு கட்டம் கட்டித்தான் போட்டிருக்கான்" என்றாள்.

விடியும் முன்னே கிளம்பினோம். நெடுஞ்சாலையில் ஏறும் முன் ஒரு காலி இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "முதல்ல இதை எப்படி நிறுத்துறதுன்னு காட்டு." நான் ஸ்டியரிங்கில் கேன்சல் பட்டனைத் தேடினேன். நான்கு நொடி ஆனது. "நாலு நொடியில 100 கிலோமீட்டர் வேகத்துல எவ்வளவு தூரம் போயிருப்பே?" நொடிக்கு 28 மீட்டர். நாலு நொடிக்கு 110 மீட்டருக்கு மேல். சரி, பட்டனெல்லாம் தேட வேண்டாம், பிரேக்கைத் தொட்டாலே குரூஸ் விலகிவிடும். கை மறந்தாலும் கால் மறக்காது. ஆக்ஸிலேட்டர் விஷயம் வேறு. அதை மிதித்தால் குரூஸ் அணையாது. மிதித்திருக்கும் வரை வண்டி நம் பேச்சைக் கேட்கும். ஆனால் அந்த நேரத்தில் முன்னால் வண்டி நெருங்கினாலும் குரூஸ் தானாகப் பிரேக் பிடிக்காது. பாதத்தைச் சும்மா ஆக்ஸிலேட்டர் மேல் சாய்த்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நெடுஞ்சாலையில் ஏறி 100-இல் செட் செய்தேன். முன்னால் 85-இல் ஒரு கார். எங்கள் வண்டி தானாக வேகம் குறைந்து அதன் பின்னால் நிதானமாக ஒட்டிக்கொண்டது. முதல் முறை இதைப் பார்க்கும்போது வயிற்றில் ஒரு கூச்சம் வருகிறது. காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பெடலுக்கு மேலே தூக்கி வைத்தால் தொடை வலிக்கிறது. மடக்கி இருக்கைக்கு அடியில் வைத்தால் சுகமாக இருக்கிறது, ஆனால் தேவைப்படும் நேரத்தில் பிரேக்குக்கு வந்து சேராது. கடைசியில் குதிகாலைப் பிரேக்குக்கு நேர் கீழே தரையில் ஊன்றி வைத்துக்கொண்டேன். பயணம் முழுக்க அதுவே அதன் இடம்.

இடைவெளிக்கு ஒரு பட்டன் உண்டு. திரையில் ஒன்று முதல் நான்கு கோடுகள் வரை வரும். இது மீட்டர் கணக்கு இல்லை, நொடிக் கணக்கு. முன்னால் போகும் கார் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் அக்கா எண்ணிப் பார்த்தாள். ஒரு கோடு வைத்தால் ஏறக்குறைய ஒரு நொடி, நான்கு கோட்டுக்கு இரண்டு நொடியும் கொஞ்சமும். நான் இரண்டு கோடு வைத்திருந்தேன். அதிகம் விட்டால் எவனாவது நடுவில் நுழைந்துவிடுவானே!

ஒரு மணி நேரம் போயிருக்கும். "கண்ணு, கொஞ்சம் ஓரமா நிறுத்து" என்றாள் அம்மா. முகம் வெளுத்திருந்தது. ஓய்விடத்தில் நிறுத்தி, அம்மா காற்று வாங்கும்போது யோசித்தால் காரணம் புரிந்தது. இடைவெளி குறைவாக இருந்தால், முன் வண்டி லேசாக வேகம் குறைத்தாலும் எங்கள் வண்டி அழுத்திப் பிரேக் பிடிக்கிறது. அவன் விலகியதும் விருட்டென்று வேகம் எடுக்கிறது. பிடி, விடு, பிடி, விடு என்று ஒரு ஊஞ்சல். நான்கு கோடு வைத்ததும் ஊஞ்சல் நின்றது. முன் வண்டியின் பிரேக் விளக்கு எரிந்தால்கூட, பெரும்பாலும் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்துவதோடு முடிந்துவிடுகிறது. அம்மா தூங்கிப்போனாள்.

நடுவில் நுழைந்தார்கள்தான். முதலில் ஒவ்வொருவன் மீதும் கோபம் வந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன். ஒருவன் நுழைந்தால் அவனுக்குப் பின்னால் மறுபடி இரண்டு நொடி இடைவெளி விட வேண்டும். எனக்கு நஷ்டம் அந்த இரண்டு நொடி. நாள் முழுக்க 60 பேர் நுழைந்தாலும் இரண்டு நிமிடம். அம்மாவுக்காக ஓய்விடத்தில் நின்றதே இருபது நிமிடம்.

இரண்டாம் நாள்

இன்று நடந்ததை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். வெயில், காய்ந்த சாலை, நல்ல வெளிச்சம். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். 100-இல் செட் செய்திருந்தேன், முன்னால் ஒரு மூடிய வேன் 90-இல் போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. திடீரென்று வேன் பக்கத்து லேனுக்கு வெட்டித் திரும்பியது. சிக்னல் கிடையாது. எங்கள் திரையில் முன் வண்டியின் படம் மறைந்தது. மறைந்ததும் எங்கள் வண்டி என்ன செய்தது தெரியுமா? சாலை காலி என்று நினைத்து 100-ஐ நோக்கி வேகம் எடுத்தது. எஞ்சின் உறுமல் காதில் விழுந்தது, அதே கணத்தில் கண்ணில் பட்டது எங்கள் லேனில் நின்றுகொண்டிருந்த லாரி. நகராத லாரி.

குதிகால் பிரேக்குக்குக் கீழே இருந்தது. அது ஒன்றுதான் காப்பாற்றியது. பலம் கொண்ட மட்டும் மிதித்தேன். வண்டியின் எச்சரிக்கை ஒலியும் கேட்டது, ஆனால் என் கால் பெடலில் இறங்கிய பிறகு. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் மூன்று கார் நிற்கும் இடம் மிச்சம் இருந்தபோது நின்றோம். அக்கா உடனே திரும்பிப் பின்னால் வருபவனைப் பார்த்தாள், நான் நான்கு பக்க விளக்கையும் போட்டேன். பின்னால் வந்தவன் தூரத்திலேயே விலகிவிட்டான். அம்மா முன் இருக்கையின் முதுகைப் பிடித்தபடி, ஒன்றுமே பேசவில்லை.

அடுத்த ஓய்விடத்தில் அக்கா கையேட்டைத் திறந்து, பென்சில் கோட்டைக் காட்டினாள். நின்றுகொண்டிருக்கும் வாகனத்தைக் குரூஸ் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. நேற்று காலையில் இதை அவள் வாசித்தபோது நான் தலையாட்டியிருக்கிறேன்.

இதற்குக் காரணம் ரேடாரின் குருட்டுத்தனம் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பருக்குள்ளோ இருக்கும் ரேடார், 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத் தூரத்தையும் வேக வித்தியாசத்தையும் சொல்கிறது. நாம் 90-இல் போனால், சாலையோரப் பலகை, மேம்பாலம், தரையில் பதித்த இரும்பு மூடி எல்லாமே 90-இல் நம்மை நோக்கி வருவதாகத்தான் அதற்குத் தெரியும். அது தலைக்கு மேலே இருக்கிறதா, வழியில் நிற்கிறதா என்று உயரத்தைப் பிரித்துச் சொல்வதில் பல ரேடார்கள் சுமார்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் பின்னால் வருபவன் நம்மீது மோதுவான். அதனால், நகர்ந்து பார்க்காத பொருளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். நாம் பின்தொடர்ந்து வந்த கார் வேகம் குறைந்து நின்றால் அதற்குத் தெரியும், அது ஓடியதைப் பார்த்திருக்கிறதே. முதலிலிருந்தே நிற்கும் லாரிதான் சிக்கல். கேமராவும் சேர்ந்த புது வண்டிகள் முன்பைவிடத் தேவலை. ஆனாலும் எங்கள் வண்டிக் கையேட்டில் அந்தக் கட்டம் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. குரூஸ் என்பது அவசரத்துக்குப் பிரேக் பிடிக்கும் அமைப்பு இல்லை, சௌகரியத்துக்கான அமைப்பு. அதற்கான சர்வதேசத் தரநிலை (ஐஎஸ்ஓ 15622), நெடுஞ்சாலை வேகத்தில் அது பிடிக்கும் பிரேக்குக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நொடிக்கு நொடி, விநாடிக்கு 3.5 மீட்டர் அளவுதான் வேகம் குறையலாம். அந்தக் கணக்கில் 100-லிருந்து நிற்க 110 மீட்டர் வேண்டும். காய்ந்த சாலையில் நாம் ஓங்கி மிதித்தால் ஏறக்குறைய அதில் பாதி. தானாக அவசர பிரேக் போடும் அமைப்பு தனியாக இருக்கிறதுதான், இன்று கத்தியதும் அதுதான். கடைசி நேரத்தில் அது எவ்வளவு செய்யும் என்பதை என் அம்மாவை வைத்துச் சோதிக்க எனக்கு விருப்பமில்லை.

மதியத்துக்கு மேல் அக்கா ஓட்டினாள். பெரிய முதுகுள்ள வண்டிக்குப் பின்னால் போகவே இல்லை. லேன் மாறினாள், முடியாவிட்டால் குரூஸை அணைத்துவிட்டு இன்னும் பின்வாங்கினாள். கண்ணாடி வழியாகத் தாண்டிப் பார்க்க முடிகிற சின்னக் கார் என்றால்தான் பின்தொடர்ந்தாள். "முன்னாடி இருக்கவன் விலகினா நமக்கு வழி விட்டான்னு நினைக்காதே. எதையோ பார்த்து விலகுறான்னு நினை. கால் பிரேக்குக்குப் போகட்டும், அப்புறம் யோசி." தூரத்தில் வண்டிகள் தேங்கி நிற்பது தெரிந்தால், வரிசையின் வால் கண்ணில் பட்டதுமே பிரேக்கைத் தொட்டுக் குரூஸை விலக்கிவிட்டாள்.

மூன்றாம் நாள்

மலை. குரூஸ் அணைத்தே கிடந்தது, அதனால் எழுத அதிகம் இல்லை.

அடிவாரத்தில் மட்டும் கொஞ்ச தூரம் போட்டுப் பார்த்தேன். வளைவில் முன் கார் ரேடாரின் பார்வைக் கோணத்தைவிட்டுப் பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. உடனே வண்டி வேகம் எடுக்கிறது, அதுவும் வளைவுக்கு நடுவில்! அடுத்த வளைவில் நேர் எதிர். பக்கத்து லேனில் போன லாரியை எங்களுக்கு முன்னால் இருப்பதாக நினைத்துக் காரணமில்லாமல் பிரேக் பிடித்தது. அம்மா பின்னாலிருந்து "ம்ம்" என்றாள். அணைத்துவிட்டேன்.

இறக்கத்தில் இன்னும் ஒரு காரணம் சேர்ந்தது. சில வண்டிகளில் குரூஸ் வேகத்தைப் பிடித்து வைக்கப் பிரேக்கையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியிலேயே இறங்குவதுதான் பழைய, நல்ல வழி. அக்கா அப்படித்தான் இறக்கினாள். மேகம் சாலைக்குக் கீழே கிடந்தது. அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தாள்.

நான்காம் நாள்

மழை. மலையை விட்டு இறங்கியதிலிருந்து மழை.

காலையில் தூறலாக இருந்தபோது அக்கா குரூஸைத் தொடவே விடவில்லை. நீர் தேங்கிய இடத்தில் டயர் தரையைவிட்டு மிதக்க ஆரம்பித்தால், காலைத் தளர்த்தி வேகத்தை மெல்லக் குறைப்பதுதான் நாம் செய்ய வேண்டியது. குரூஸுக்கு அது தெரியாது. செட் செய்த வேகத்தைக் காப்பாற்றத்தான் அது பார்க்கும். ஈரத்தில் நிற்கப் பிடிக்கும் தூரமும் கூடும், ஆனால் நான்கு கோடு என்பது காய்ந்த சாலையிலும் அதே இரண்டு நொடி, நனைந்த சாலையிலும் அதே இரண்டு நொடிதான்.

கனமழை ஆனதும் ஓய்விடத்தில் ஒதுங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்போது அக்கா, குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் பார்வையில்லாதவர் என்று சொன்னாள். நான் நம்பவில்லை. உண்மைதான். ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். 5 வயதில் ஒரு விபத்தில் கண்பார்வை போனவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, தான் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், மற்றவர் பேசுவதைக் கேட்கும்போது கூட்டுவாராம். அந்த ஆட்டம் தாங்காமல்தான் டீட்டருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1950-இல் காப்புரிமை கிடைத்தது, 1958-இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. "அப்போ அந்த மனுஷனுக்கும் என்னை மாதிரி குமட்டியிருக்கும்" என்றாள் அம்மா.

இடைவெளி பார்க்கும் வகை பிறகு வந்தது. 1995-இல் மிட்சுபிஷி டயமன்டே காரில் லேசர் வைத்துச் செய்தார்கள். அது ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தும், கியரைக் குறைக்கும், அவ்வளவுதான், பிரேக்கைத் தொடாது. 1999-இல் மெர்சிடிஸ் ரேடாரோடு பிரேக்கையும் சேர்த்துக் கொண்டுவந்தது.

மழை விட்டதும் கிளம்பினால் திரையில் ஒரு செய்தி: முன் சென்சார் மறைந்திருக்கிறது, குரூஸ் கிடைக்காது. லாரிகள் வாரியடித்த சேறு முன்பக்கச் சின்னத்தில் அப்பியிருந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் சரியானது. இப்படிச் சொல்லிவிட்டு விலகினால் நல்லது. அரைகுறையாகத் தெரியும்போது சொல்லாமல் ஓடுமோ என்ற பயம்தான் எனக்கு. அதிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் சின்னத்தையும், கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியையும் துடைப்பது என் வேலை.

மாலையில் ஒரு மோட்டார் சைக்கிள். லேனின் ஓரத்தை ஒட்டி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அக்கா ஓட்ட, நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன் வண்டி படம் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒல்லியான வண்டி, அதுவும் ஓரமாக. ரேடாருக்கு அது இருக்கிறதா இல்லையா என்றே முடிவு செய்ய முடியவில்லை. அக்கா திரைக்காகக் காத்திருக்கவில்லை, பிரேக்கைத் தொட்டுவிட்டாள். இரண்டு சக்கர வண்டி முன்னால் வந்தால் குரூஸ் அணைக்கப்படும் என்பது இனி எங்கள் வண்டியின் சட்டம்.

ஐந்தாம் நாள்

இன்று நேர்சாலை. முடிவே இல்லாத நேர்சாலை. ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் இன்றைய ஆபத்து.

வேகம் பார்க்க வேண்டாம், இடைவெளி பார்க்க வேண்டாம். மிச்சம் ஸ்டியரிங்தான், அதுவும் நேராக. முக்கால் மணி நேரத்தில், கடைசியாக எந்தப் பலகையைத் தாண்டினோம் என்று எனக்கு நினைவில்லை. கண் திறந்துதான் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். நகரும் கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும், அதைக் கண்டால் பட்டனை அழுத்த வேண்டும். அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்துவிட்டது. நாங்கள் மணிக்கு ஒருமுறை ஆள் மாறினோம். நடுவில் பத்து நிமிடம் வேண்டுமென்றே குரூஸை அணைத்துவிட்டுக் காலால் ஓட்டினேன். தூக்கம் வந்தால் மட்டும் எந்தத் தந்திரமும் வேண்டாம், நிறுத்திவிடுவதே வழி.

வேகத்தையும் சொல்ல வேண்டும். பட்டனில் 5 கூட்டுவது ரொம்பச் சுலபம். 100 என்று ஆரம்பித்தது எப்போது 115 ஆனது என்று தெரியவில்லை, அக்காதான் சுட்டிக்காட்டினாள். அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்ற காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2021-இல் இதைப் பார்த்திருக்கிறது. இந்த மாதிரி உதவி ஓடும்போது ஓட்டுநர்கள் வேக வரம்பைத் தாண்டுவதற்கான வாய்ப்பு 24 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். நானும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டேன்.

பிற்பகலில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடத்தில் இன்னொரு அதிர்ச்சி. முன்னால் 60-இல் ஒரு கார், அதன் பின்னால் நாங்களும் 60. நான் கிளைச் சாலையில் இறங்கினேன், அவன் நேராகப் போனான். வண்டி 100-ஐ மறக்கவே இல்லை. இறங்கும் வளைவில் 100-ஐத் தேடி ஓட ஆரம்பித்தது. இந்த முறை கால் தயாராக இருந்தது. விலக்கிய குரூஸை மறுபடி தொடரவைக்கும் ரெஸ்யூம் பட்டனிலும் இதே சங்கதிதான். ஒரு மணி நேரம் முன்பு செட் செய்த வேகம் அதற்குள் உட்கார்ந்திருக்கும், நாம் இப்போது எந்தச் சாலையில் இருக்கிறோம் என்று அது கேட்காது. அதனால் இறங்கும் முன்னே அணைக்கிறோம், புதுச் சாலையில் ரெஸ்யூமைத் தொடாமல் புதிதாகச் செட் செய்கிறோம்.

நகரத்து நெரிசலில் மட்டும் இதை ரசித்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். முன் வண்டி நின்றால் நிற்கிறது. சில நொடிக்குள் அவன் நகர்ந்தால் தானே நகர்கிறது. அதற்கு மேல் நின்றால் பட்டனைத் தட்டச் சொல்கிறது. தட்டப் போனேன், அக்கா கையைப் பிடித்தாள். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு சிறுவன் குறுக்கே போய்க்கொண்டிருந்தான், பம்பரை ஒட்டி, இருக்கையிலிருந்து தலைமட்டும் தெரியும் உயரத்தில். நான் பார்த்துக்கொண்டிருந்தது முன் காரின் விளக்கை. அதற்கப்புறம் நெரிசலிலும் காலால்தான் ஓட்டினேன்.

ஆறாம் நாள்

கடைசி 200 கிலோமீட்டர் அக்கா ஓட்டினாள். நான்கு கோடு, வரம்புக்குள் வேகம். பின்னால் அம்மா அரைத்தூக்கம். பதினோரு மணிக்குக் கடல் தெரிந்தது. சித்தி வாசலில் நின்றிருந்தாள். "குமட்டலையா அக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். "முதல் நாளோட சரி" என்றாள் அம்மா. கையேட்டின் பென்சில் கோடுகளை அக்கா அழிக்கவில்லை. வண்டியின் பெட்டியில் என் பக்கம் பார்த்து வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் சித்தியின் பழைய காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினோம். பதினைந்து வருட வண்டி, ஸ்டியரிங்கில் ஹாரனைத் தவிர வேறு பட்டன் இல்லை. நான் ஓட்டினேன், பின்னால் அம்மாவும் சித்தியும். கடற்கரைச் சாலையில் முன்னால் போன காரின் பிரேக் விளக்கு எரிந்தது. குதிகால் அதன் இடத்தில்தான் இருந்தது. வண்டி வேகம் குறைவதற்காக நான் காத்திருந்தேன். ஒரு அரை நொடி இருக்கும்.

"டேய்!" என்றாள் அக்கா.

மிதித்தேன். பின்னாலிருந்து அம்மா, "கண்ணு, கொஞ்சம் ஓரமா நிறுத்து" என்றாள்.